'நோ லைவ் ட்ரேஸ்'னு சர்டிபிகேட் வந்தா கேஸ் இல்லன்னு அர்த்தமா? வேவருக்கு வெளிநாட்டு போலீஸ் ரெக்கார்டு சேக்கறது பத்தி

வாசகி கேட்டது (லெட்டர் பெருசு, சுருக்கிப் போட்டிருக்கேன்):

மேடம் வணக்கம். நான் அமெரிக்க சிட்டிசன், நியூ ஜெர்சில இருக்கேன். வீட்டுக்காரர் தஞ்சாவூர்ல இருக்கார். 2022ல கல்யாணம், ஐ-130 (அவருக்காக நான் போட்ட குடும்ப விசா மனு) அப்ரூவ் ஆகி மும்பை கான்சுலேட்ல இன்டர்வியூவும் முடிஞ்சுது. அவர் 2010ல இருந்து 2013 வரைக்கும் லண்டன்ல படிச்சார். 2012 மார்ச்ல ஒரு கடைல பில் போடாம பொருள எடுத்துட்டு வந்துட்டார்னு போலீஸ் புடிச்சு, கோர்ட்ல ஒத்துக்கிட்டு 85 பவுண்டு ஃபைன் கட்டிட்டு வந்துட்டார். இத ஃபார்ம்ல மறைக்கல. இப்ப அதுக்காக வேவர் (விசாவுக்கு இருக்கற தடைய தள்ளுபடி பண்ணச் சொல்ற மனு) போடணும்னு ஒரு தாள் குடுத்து அனுப்பிட்டாங்க. ஆனா இங்கிலாந்து போலீஸ் சர்டிபிகேட்ல 'நோ லைவ் ட்ரேஸ்'னுதான் வந்திருக்கு, அப்ப கேஸே இல்லன்னுதானே அர்த்தம்? 2014ல இருந்து 2018 வரைக்கும் சிங்கப்பூர்ல வேலை பாத்தார், அங்க ஒரு பிரச்சனையும் இல்ல, அந்த சர்டிபிகேட்டும் வேணும்னு கேக்கறாங்க. ஒரு ஏஜெண்ட் கைரேகை எல்லாம் வேணாம், ஒரே வாரத்துல நான் எடுத்துத் தரேன்கறார். இன்னொண்ணு, 2009ல காலேஜ் பசங்க அடிதடில இவர் பேரையும் சேத்து ஊர்ல எஃப்ஐஆர் போட்டாங்க, 2013ல மதுரை ஹைகோர்ட்ல குவாஷ் (ரத்து) ஆயிடுச்சு. இந்தியா பிசிசி (போலீஸ் க்ளியரன்ஸ் சர்டிபிகேட்) க்ளீனா வந்ததால ஏஜெண்ட் பேச்சக் கேட்டு இத எங்கயும் சொல்லல. தப்பா? என்னென்ன பேப்பர் வாங்கணும், நான் வாங்கணுமா அவர் வாங்கணுமா, ஒரிஜினல் அனுப்பணுமா?

பதில்:

வணக்கம்மா. முதல் கேள்விக்கு நேராவே சொல்லிடறேன். 'நோ லைவ் ட்ரேஸ்'னா கேஸ் இல்லன்னு அர்த்தம் கிடையாது. கேஸ் இருந்துச்சு, இப்ப வெளிய காட்டறதில்லன்னு அர்த்தம். இங்கிலாந்துல இந்த சர்டிபிகேட் குடுக்கற ஆபீஸ் பேரு ஆக்ரோ. நிஜமாவே ஒண்ணும் இல்லாதவங்களுக்கு அவங்க 'நோ ட்ரேஸ்'னு போடுவாங்க. நடுவுல 'லைவ்'ங்கற வார்த்தை வந்தா உள்ள ஏதோ இருக்கு, வருஷம் ஆனதால, சின்ன விஷயம்ங்கறதால அத ஒதுக்கி வச்சிருக்காங்கன்னு விசா ஆபீசருக்கு நல்லாவே தெரியும். அந்த நாட்டு போலீஸ் கம்ப்யூட்டர்ல ஒருத்தர் ரெக்கார்டு அவரோட 100வது பிறந்தநாள் வரைக்கும் இருக்கும், அழியாது. 1974லயே அவங்க ஒரு சட்டம் போட்டு, சின்ன தண்டனைகள் குறிப்பிட்ட காலம் கழிச்சு 'ஸ்பென்ட்' ஆயிடும், வேலைக்கு போற இடத்துல எல்லாம் சொல்லத் தேவையில்லன்னு வச்சிருக்காங்க. ஃபைன் மட்டும்னா முன்னாடி 5 வருஷம், 2014 மார்ச்சுக்கு அப்புறம் 1 வருஷம்தான். அதெல்லாம் அவங்க ஊருக்குள்ள செல்லும், அமெரிக்க விசாவுக்கு செல்லாது. ஃபார்ம்ல கேள்வியே மன்னிப்பு கிடைச்சிருந்தாலும் சொல்லுன்னுதான் இருக்கு. அத நீங்க சொன்னது நல்லதாப் போச்சு, இல்லன்னா இப்ப நாம பேசற விஷயமே வேறயா இருந்திருக்கும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். நெறைய பேர் போலீஸ் சர்டிபிகேட் கைக்கு வந்துட்டா ரெக்கார்டு சேத்தாச்சுன்னு நெனச்சுக்கறாங்க. வேவருக்கு அது வெறும் கதவுதான். ஆபீசர் பாக்கறது என்ன நடந்துச்சு, எந்த சட்டத்துல எந்த செக்‌ஷன், இவர் ஒத்துக்கிட்டாரா மறுத்தாரா, கோர்ட் என்ன போட்டுச்சு, அத கட்டி முடிச்சாரா, இந்த அஞ்சும். உங்க கையில இருக்கற சர்டிபிகேட்ல இந்த அஞ்சுல ஒண்ணு கூட இல்ல. அதுக்கும் மேல ஒரு சங்கதி இருக்கு, அது ரெகுலேஷன்லயே இருக்கு, ஆனா நம்ம ஆளுங்க யாரும் கவனிக்கறதில்ல: வேவர் அப்ரூவ் ஆனா, ஃபார்ம்ல எந்த குற்றத்த, எந்த சம்பவத்த எழுதிக் குடுத்தீங்களோ அதுக்கு மட்டும்தான் அது செல்லும். எழுதாம விட்டது பின்னாடி வெளிய வந்தா இந்த வேவர் அதுக்கு குடை புடிக்காது. அதனால ஆபீசர் கேட்டதுக்காக பேப்பர் சேக்காதீங்க, நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்கறீங்கங்கறது உங்களுக்கே முழுசா தெரியணும்ங்கறதுக்காக சேருங்க.

லண்டன் விஷயத்துல உங்களுக்கு வேண்டியது கோர்ட் பேப்பர். மேஜிஸ்ட்ரேட் கோர்ட்ல முடிஞ்ச கேஸ்னா அந்த கோர்ட் ரெஜிஸ்டர்ல இருந்து எடுத்து, சீல் வச்சு, கையெழுத்து போட்டு, குற்றவாளின்னு வந்த தீர்ப்போட நகல் ஒண்ணு குடுப்பாங்க, அதுக்கு மெமோரண்டம் ஆஃப் கன்விக்‌ஷன்னு பேரு. பெரிய கோர்ட்டான க்ரவுன் கோர்ட்டுக்கு போயிருந்தா சர்டிபிகேட் ஆஃப் கன்விக்‌ஷன்னு சொல்லுவாங்க. கேக்கும்போது அவரோட முழுப் பேரு, பிறந்த தேதி, தீர்ப்பு வந்த தேதி, அப்ப இருந்த வீட்டு அட்ரஸ் எல்லாம் எழுதணும். 2010க்கு அப்புறம் அங்க நெறைய மேஜிஸ்ட்ரேட் கோர்ட்ட மூடிட்டாங்க, அதனால இவர் நின்ன கோர்ட் இப்ப இல்லாமலே போயிருக்கலாம், பயப்படாதீங்க, அந்த ஏரியா வேலைய எந்த கோர்ட் எடுத்துக்கிச்சோ அங்க கேக்கணும்.

எந்த கோர்ட், எந்த தேதின்னே ஞாபகம் இல்லன்னா? 13 வருஷத்துக்கு முன்னாடி ஒரு பயந்த ராத்திரி நடந்தது, யாருக்கு ஞாபகம் இருக்கும். அதுக்குத்தான் சப்ஜெக்ட் ஆக்சஸ்னு ஒரு வழி இருக்கு. என்னப் பத்தி போலீஸ் கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ முழுசா குடுன்னு இவரே ஆக்ரோ வழியா கேக்கலாம், ஃபீஸ் கிடையாது, சட்டப்படி சாதாரணமா ஒரு மாசத்துக்குள்ள பதில் சொல்லணும். அதுல ஒதுக்கி வச்சதும் வரும், கைது தேதி, கோர்ட் பேரு, செக்‌ஷன் எல்லாம் வரும். ஒண்ணு மட்டும் கவனிங்க, இது சர்டிபிகேட்டுக்கு மாத்து இல்ல, கான்சுலேட்டுக்கு ஆக்ரோ சர்டிபிகேட்தான் வேணும். இந்த பிரிண்ட்அவுட் மொதல்ல நீங்களும் உங்க லாயரும் படிக்கறதுக்கு. நான் யார் ஃபைல எடுத்தாலும் இத வாங்காம ஒரு வரி கூட எழுத மாட்டேன்.

ஏன்னு சொல்றேன். உங்க லெட்டர்ல 85 பவுண்டு ஃபைன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு அந்த நம்பர பாத்ததுமே சந்தேகம். அந்த காலத்துல மேஜிஸ்ட்ரேட் கோர்ட்ல ஒத்துக்கிட்டா அரசு தரப்பு செலவுன்னு 85 பவுண்டு போடறது சர்வ சாதாரணம். ஃபைன் போட்டிருந்தா அதுக்கு மேல 15 பவுண்டு விக்டிம் சர்சார்ஜ்னு, அதாவது பாதிக்கப்பட்டவங்களுக்கான கூடுதல் கட்டணம்னு ஒண்ணும் சேந்திருக்கும். அப்ப இவர் கட்டினது 85 மட்டும்னா, அது ஃபைனே இல்லாம, 'கண்டிஷனல் டிஸ்சார்ஜ்'னு சொல்லி, ஒழுங்கா இருன்னு எச்சரிச்சு செலவ மட்டும் கட்ட சொல்லி அனுப்பியிருக்கலாம். இல்ல ஃபைன், செலவு எல்லாம் சேந்து வேற தொகையா இருந்து, இவருக்கு 85 மட்டும் மனசுல நின்னிருக்கலாம். குற்றத்த ஒத்துக்கிட்டு ஏதோ ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ போட்டாச்சுன்னா அமெரிக்க இமிக்ரேஷன் சட்டத்துக்கு அது கன்விக்‌ஷன்தான், கோர்ட் செலவு போட்டாலே தண்டனைக் கணக்குல வந்துடும், அதனால ரிசல்ட் பெருசா மாறாது. ஆனா இவர் சத்தியம் பண்ணி குடுக்கற ஸ்டேட்மென்ட்ல ஒண்ணு, சீல் வச்ச பேப்பர்ல இன்னொண்ணுன்னு இருந்தா, ஆபீசர் மனசுல 'வேற என்னத்த மாத்தி சொல்லியிருப்பார்'னு ஒரு கேள்வி விழும். வேவர் கடைசில ஆபீசரோட விருப்ப அதிகாரம்தான், அந்த கேள்வி விழக்கூடாது.

85 பவுண்டுக்கு இவ்ளோ கூத்தான்னு நீங்க கேக்காம விட்டாலும் உங்களுக்குள்ள இருக்கும். திருட்டுங்கறது அமெரிக்க சட்டத்துல ஒழுக்கக் கேடான குற்றம்ங்கற வகைல வருது, அதான் அந்த தாள்ல 212(ஏ)(2)(ஏ)ன்னு இருக்கும். அதுல சின்ன குற்றத்துக்கு ஒரு விலக்கு இருக்கு: வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான், சட்டப்படி அதிகபட்ச தண்டனை 1 வருஷத்துக்கு மேல போகக்கூடாது, நிஜமா போட்டது 6 மாசத்துக்கு மேல இருக்கக்கூடாது. இவருக்கு ஜெயிலே போடல. ஆனா இங்கிலாந்தோட 1968 திருட்டு சட்டத்துல அதிகபட்சம் 7 வருஷம். கணக்கு அங்கதான் இடிக்குது. 2014 மே மாசத்துல இருந்து 200 பவுண்டு வரைக்குமான கடைத் திருட்ட சாதாரணமா மேஜிஸ்ட்ரேட் கோர்ட்லயே முடிக்கற சின்ன கேஸா மாத்திட்டாங்க, இவர் கேஸ் 2012, ரெண்டு வருஷம் முந்திப் போச்சு, விதி. மேஜிஸ்ட்ரேட் கோர்ட்ல முடிஞ்சதால அந்த கோர்ட்டால ஒரு குற்றத்துக்கு 6 மாசத்துக்கு மேல போட்டிருக்கவே முடியாது, அதத்தான் அதிகபட்சமா எடுக்கணும்னு லாயருங்க வாதம் வைக்கறது உண்டு, எப்பவும் எடுபடும்னு சொல்ல மாட்டேன், ஆனா அத வைக்கணும்னா கூட எந்த கோர்ட், எந்த முறைல விசாரிச்சுதுன்னு சொல்ற அந்த மெமோரண்டம் வேணும். கூடவே அந்த செக்‌ஷனோட சட்ட வாசகத்தையும் அரசாங்க வெப்சைட்ல இருந்து பிரிண்ட் எடுத்து வைங்க, ஆபீசர் தேடிப் படிப்பார்னு விட்டுடாதீங்க.

தேதி விஷயம் இன்னொண்ணு. இந்த வகை வேவருக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, அவர் வராம போனா அமெரிக்க சிட்டிசனான மனைவிக்கு, அதாவது உங்களுக்கு, சாதாரண பிரிவுக் கஷ்டத்த தாண்டின பெரிய கஷ்டம்னு காட்டறது. இன்னொண்ணு, சம்பவம் நடந்து 15 வருஷம் ஆயிடுச்சு, ஆள் திருந்திட்டார், வந்தா நாட்டுக்கு கேடு இல்லன்னு காட்டறது, இதுல உங்க கஷ்டத்த நிரூபிக்க வேண்டியதில்ல. அந்த 15 வருஷம் தீர்ப்பு தேதில இருந்து இல்ல, சம்பவம் நடந்த நாள்ல இருந்து. 2012 மார்ச்னு நீங்க சொல்றது சரின்னா 2027 மார்ச். அதுவரைக்கும் கைய கட்டிட்டு உக்காருங்கன்னு சொல்லல, முதல் வழிலயே போங்க, ஆனா ஃபைல் நகர்ற வேகத்துக்கு ரெண்டாவது வழியும் எட்டற தூரத்துல வரலாம், அப்ப அந்த தேதி வாய்ல சொன்னதா இல்லாம பேப்பர்ல இருக்கணும்.

ரெக்கார்டு கைக்கு வந்ததும் இவர் ஸ்டேட்மென்ட் எழுதுவார், அங்க ஒரு பள்ளம் இருக்கு. நம்மாளுங்க எல்லாரும் எழுதறது ஒரே மாதிரி: 'ஏதோ ஞாபகத்துல பில் போட மறந்துட்டேன், பாஷை சரியா புரியாம ஒத்துக்கிட்டேன்'. அம்மா, மறந்து எடுத்தா அது திருட்டே இல்ல. கோர்ட்ல குற்றத்த ஒத்துக்கிட்டவர் இப்ப இப்படி எழுதினா, அந்த தீர்ப்ப அமெரிக்க ஆபீசர் மாத்தி எழுதப் போறதில்ல, இவர் இன்னும் ஒத்துக்கவே இல்ல, அப்புறம் எங்க திருந்தறதுன்னுதான் எடுத்துப்பார். என்ன எடுத்தார், எவ்ளோ விலை, ஏன் எடுத்தார், அப்புறம் இந்த 13 வருஷம் எப்படி இருந்தார்னு நாலு நேரான வரி போதும். போலீஸ் பேப்பர்ல ரெண்டு பொருள்னு இருந்தா ஸ்டேட்மென்ட்லயும் ரெண்டுதான் இருக்கணும்.

அடுத்தது தஞ்சாவூர் கேஸ். ஏஜெண்ட் சொன்னத கேட்டது தப்பான்னா, ஆமா, தப்புதான், ஆனா சரி பண்ண முடியற தப்பு. மொதல்ல இவர கூப்ட்டு ஒண்ணு கேளுங்க: அன்னிக்கு ஸ்டேஷனுக்கு கூட்டிட்டுப் போயி, கைது காட்டி, சொந்த ஜாமீன்ல விட்டாங்களா, இல்ல எஃப்ஐஆர்ல பேரு மட்டும்தானா? ஃபார்ம்ல இருக்கற கேள்வி எப்பவாவது கைது ஆயிருக்கீங்களாங்கறது. ஸ்டேஷன் ஜாமீன்ல அரை மணி நேரத்துல வீட்டுக்கு வந்தாலும் அது கைதுதான். பிசிசி க்ளீனா வந்தது இந்த கேள்விக்கு பதில் இல்ல, இப்ப பாதகமா ஒண்ணும் இல்லன்னு சொல்ற பேப்பர் அது, எப்பவுமே ஒண்ணும் நடக்கலன்னு சொல்ற பேப்பர் இல்ல. கைது ஆயிருந்தா, வேவர் அனுப்பறதுக்கு முன்னாடி லாயர் மூலமா எழுத்துல திருத்தி, குவாஷ் ஆர்டரையும் சேத்து குடுத்துடுங்க. அவங்க கண்டுபுடிச்சு கேக்கறதுக்கு முன்னாடி நீங்களா சொல்றதுக்கும், கேட்ட அப்புறம் சொல்றதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். குவாஷ் ஆன அடிதடி கேஸ் தன்னளவுல இவர தடுத்திருக்காது, குற்றத்த ஒத்துக்கல, தண்டனை இல்ல, அதனால கன்விக்‌ஷன் இல்ல. மறைச்சாத்தான் பொய் சொன்னார்ங்கற தனிப் பிரச்சனை ஆகும், அந்த தடை ஆயுசுக்கும் இருக்கும், அதுக்கும் சேத்து வேவர் கேக்கணும். ஒண்ணுமில்லாத கேஸ மறைக்கப் போயி திருட்ட விட பெரிய தலைவலிய இழுத்து விட்டுக்காதீங்க.

வாங்க வேண்டியது எஃப்ஐஆர் நகல், சார்ஜ்ஷீட் போட்டிருந்தா அது, அப்புறம் ஹைகோர்ட் ஆர்டரோட சர்டிஃபைட் காப்பி. தஞ்சாவூர் மதுரை பெஞ்ச்ல வர்றதால நம்பர் கிரிமினல் ஓ.பி.ன்னு போட்டு கூடவே எம்டின்னு இருக்கும், ஹைகோர்ட் வெப்சைட்ல தேடி எடுக்கலாம், ஆனா அந்த டவுன்லோடு போதாது, அங்க ஒரு வக்கீல் மூலமா காப்பி அப்ளிகேஷன் போட்டு சீல் வச்சத வாங்குங்க. எஃப்ஐஆர் 2009ங்கறதால ஆன்லைன்ல கிடைக்கறது கஷ்டம், எஃப்ஐஆர எல்லாம் வெப்சைட்ல ஏத்தணும்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதே 2016லதான். லோக்கல் மேஜிஸ்ட்ரேட் கோர்ட்ல காப்பி போட்டு பாருங்க. பழைய கட்ட அழிச்சிட்டோம்னு சொன்னா விட்டுடாதீங்க, அத அப்படியே எழுதிக் குடுங்கன்னு கேட்டு வாங்குங்க. அப்படியே ஸ்டேஷன்லயும் குவாஷ் ஆர்டர் ஒரு காப்பி குடுத்து அவங்க ரெக்கார்டுல ஏத்தியாச்சான்னு பாத்துடச் சொல்லுங்க, ஹைகோர்ட்ல எப்பவோ முடிஞ்ச கேஸ் ஸ்டேஷன் கம்ப்யூட்டர்ல இன்னும் நிலுவைன்னு நிக்கறத நான் பாத்திருக்கேன்.

எஃப்ஐஆர் தமிழ்ல கையால எழுதினதா இருக்கும், அத முழுசா இங்கிலீஷ்ல மாத்தணும். மொழிபெயர்க்கறவர் எனக்கு ரெண்டு மொழியும் தெரியும், இது முழுசானது, சரியானதுன்னு கையெழுத்து, தேதி, அட்ரஸ் போட்டு ஒரு சின்ன சர்டிபிகேஷன் குடுத்தா போதும். நீங்களே பண்ணாதீங்க, மனைவி மொழிபெயர்த்தார்னா ஆபீசருக்கு ஒரு புருவம் ஏறும். சுருக்கமும் கூடாது. 294(பி) போட்ட எஃப்ஐஆர்னா யார் யார என்ன கெட்ட வார்த்தைல திட்டினாங்கன்னு நம்ம ஏட்டய்யா வரி விடாம எழுதி வச்சிருப்பார், அதையும் கூச்சப்படாம மாத்தித்தான் ஆகணும். போன தடவ என் ஃபைல் ஒண்ணுல மொழிபெயர்ப்பாளர் அந்த இடத்துல எல்லாம் புள்ளி வச்சு அனுப்பிட்டார், திருப்பி அனுப்பி மறுபடி போட வச்சேன்.

இனி பேரு. நம்மாளுங்களுக்கு இதுதான் பெரிய எதிரி. தமிழனுக்கு குடும்பப் பேரு கிடையாது, இனிஷியல்தான், அந்த இனிஷியல் ஒவ்வொரு நாட்டுல ஒவ்வொரு மாதிரி விரியும். பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருந்தா அமெரிக்க விசாவுல இவர் பேரே சர்நேம் ஆயி, முன்னாடி எஃப்என்யுன்னு போட்டுடுவாங்க, முதல் பேர் தெரியலைங்கறதோட சுருக்கம் அது. லண்டன்ல கைது பண்ண போலீஸ்காரர் அப்பா பேர முன்ன போட்டிருக்கலாம், ஒரு எழுத்த விட்டிருக்கலாம். சிங்கப்பூர்ல வேற வரிசைல இருக்கும். ஒரு பேர்ல தேடி ஒண்ணும் இல்லன்னு வந்த சர்டிபிகேட், இன்னொரு பேர்ல இருக்கற ரெக்கார்டோட முட்டிக்கிட்டா பதில் சொல்றது யாரு? அதனால எல்லா அப்ளிகேஷன்லயும் இதுவரைக்கும் இவர் பேரு எப்படி எல்லாம் எழுதப்பட்டிருக்கோ அத்தனையும் வேற பேர்கள்ங்கற கட்டத்துல எழுதுங்க, பழைய பாஸ்போர்ட் நகல், லண்டன் காலேஜ் ஐடி, அந்தக்கால விசா பக்கம் எல்லாத்தையும் வைங்க. வேவர் ஃபைல்ல இந்த பேர் எல்லாம் ஒரே ஆள்தான்னு ஒரு அஃபிடவிட்டும் போயிடட்டும்.

சிங்கப்பூர் கேள்விக்கு சின்ன பதில்தான். பிரச்சனை இருந்துச்சா இல்லையாங்கறது பொருட்டு இல்ல. 16 வயசுக்கு மேல ஒரு வெளிநாட்டுல 12 மாசம் இல்ல அதுக்கு மேல இருந்திருந்தா அந்த நாட்டு சர்டிபிகேட் வேணும், சொந்த நாட்டுக்கும் இப்ப இருக்கற நாட்டுக்கும் 6 மாசம், கைது ஆன நாடுன்னா எத்தனை நாள் இருந்தாலும், எந்த வயசா இருந்தாலும் வேணும். அங்க அதுக்கு சர்டிபிகேட் ஆஃப் க்ளியரன்ஸ்னு பேரு, சிங்கப்பூர் போலீஸ்தான் குடுக்குது, ஆன்லைன்ல போடலாம், வெளிநாட்டுக்காரங்க இது எதுக்கு வேணும்னு காட்டற லெட்டர் வைக்கணும், உங்ககிட்ட கான்சுலேட் குடுத்த தாள் இருக்கே அதுவே போதும். பழைய வொர்க் பாஸ்ல இருக்கற ஃபின் நம்பர (வெளிநாட்டுக்காரங்களுக்கு அங்க குடுக்கற அடையாள எண்) தேடி எடுங்க. வெளிநாட்டுல இருந்து போடறவங்க கைரேகை எடுத்து அனுப்பணும். அப்ப கைரேகையே வேணாம், ஒரு வாரத்துல தரேன்கறவர் எங்க இருந்து தருவார்? எந்த பிரிண்டர்ல இருந்து தருவார்னு கேளுங்க. அந்த ஆள்கிட்ட இன்னிக்கோட பேச்ச நிறுத்திடுங்க, அவர்கிட்ட குடுத்த பாஸ்போர்ட் நகல் எல்லாம் திருப்பி வாங்கிடுங்க. போலி சர்டிபிகேட் ஒண்ணு உள்ள போயிட்டா 'எங்களுக்கு தெரியாது, ஏஜெண்ட் குடுத்தார்'னு சொல்றது ரொம்ப பலவீனமான பதில்.

ஒவ்வொரு நாட்டுலயும் எந்த ஆபீஸ் குடுக்கற சர்டிபிகேட்ட ஏத்துப்பாங்க, எது கிடைக்காதுன்னு அமெரிக்க வெளியுறவுத் துறை வெப்சைட்ல நாடு வாரியா ஒரு பட்டியல் இருக்கு, ரெசிப்ராசிட்டி ஷெட்யூல்னு. ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் முன்னாடி அத ஒரு தடவ படிச்சுடுங்க, பக்கத்து வீட்டுக்காரர் அனுபவத்த விட அது உத்தமம். சர்டிபிகேட்டுக்கு ஆயுசு 2 வருஷம்னு கணக்கு, ஆனா அந்த நாட்ட விட்டு வந்த அப்புறம் எடுத்தது, மறுபடி அங்க போகலன்னா பழசும் செல்லும். லண்டன், சிங்கப்பூர் ரெண்டுக்கும் இது பொருந்தும். இந்தியா பிசிசி மட்டும் இவர் இங்கயே இருக்கறதால 2 வருஷம் தாண்டினா திரும்ப எடுக்கணும், வேவர் இழுத்துக்கிட்டே போச்சுன்னா கண்டிப்பா ஒரு தடவ எடுக்க வேண்டி வரும்னு இப்பவே மனசுல வச்சுக்கோங்க.

கேட்டும் கிடைக்கலன்னா என்ன பண்றது? லண்டன் கோர்ட்ல பழைய ரெஜிஸ்டர் இல்லன்னு பதில் வரலாம். அந்த பதிலே ஒரு டாக்குமெண்ட்தான், ஆனா அது கோர்ட் லெட்டர்ஹெட்லயோ அவங்க ஆபீஸ் ஈமெயில்லயோ, யார் பேர்ல எந்த தேதிக்கு தேடினோம், இல்லன்னு தெளிவா இருக்கணும். ஃபோன்ல சொன்னாங்கன்னா அது காத்துல போச்சு. நீங்க அனுப்பின ஈமெயில், கூரியர் ரசீது, ஞாபகப்படுத்தின ஈமெயில் எல்லாத்தையும் தேதி வாரியா வைங்க. வேவர முடிவு பண்ற அமெரிக்க குடியேற்ற ஆபீசான யுஎஸ்சிஐஎஸ் ரூல் வரிசையா போகும்: அசல் ரெக்கார்டு இல்லன்னா அது இல்லங்கறதுக்கு சான்று, அப்புறம் அதுக்கு பதிலா வேற பேப்பர், அதுவும் இல்லன்னா நேர்ல தெரிஞ்ச ரெண்டு பேர் அஃபிடவிட். நேரா அஃபிடவிட்டுக்கு தாவினா திருப்பி அனுப்பி ரெக்கார்டு கேப்பாங்க.

யார் வாங்கணும்னு கேட்டீங்க. எல்லாமே இவர் பேர்லதான் போகணும், இவர் கையெழுத்துதான். வேவர் ஃபார்ம் ஐ-601ம் அப்படித்தான், அப்ளிகண்ட் அவர், நீங்க கஷ்டத்துக்கு சாட்சி. நெறைய மனைவிங்க ஐ-130 மாதிரி இதையும் தங்க பேர்ல நிரப்பிடறாங்க. ஐ-601ஏன்னு ஒண்ணு இருக்கு, அது அமெரிக்காவுக்குள்ள இருக்கறவங்க, சட்டவிரோதமா தங்கின நாளுக்காக மட்டும் போடறது, உங்களுக்கு சம்பந்தமே இல்ல, பேரு கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கறதால மாத்தி டவுன்லோடு பண்ணிடாதீங்க. ஐ-601க்கு 2024 ஏப்ரல் 1ல இருந்து ஃபீஸ் 1,050 டாலர், அனுப்பற அன்னிக்கு ஒரு தடவ அவங்க வெப்சைட்ல சரி பாத்துக்கோங்க. ஓடி ஆடி அலையற வேலைய வேணா நீங்க பிரிச்சுக்கலாம்: இங்கிலாந்து ஈமெயில் எல்லாம் நீங்க எழுதி வைங்க, அவர் படிச்சு அவர் ஈமெயில்ல இருந்து அனுப்பட்டும். கைரேகை, தஞ்சாவூர், மதுரை அவர் பாடு.

ஒரிஜினல் எதையும் வேவர் கவர்ல அனுப்பாதீங்க, தெளிவான நகல் போதும், அவங்களா ஒரிஜினல் கேட்டா மட்டும் குடுங்க. சர்டிஃபைட் காப்பிய ஸ்கேன் பண்ணும்போது பின்பக்கத்தையும் சேத்து பண்ணுங்க, நம்ம கோர்ட் காப்பில சீலும் தேதியும் பின்னாடிதான் இருக்கும். ஒரிஜினல் எல்லாம் தஞ்சாவூர்லயே ஒரு ஃபைல்ல இருக்கட்டும், வேவர் அப்ரூவ் ஆனதும் மும்பைல கேட்டா அவர்தான் கையில எடுத்துட்டுப் போகணும்.